மண்டை ஓட்டுப் பலகை

"அங்கேயே நில்லுங்க இஞ்சினியரே! இன்னும் ஒரு அடி வெச்சீங்க, வலது கால் மத்ரூஹுக்கும் இடது கால் அலெக்சாந்திரியாவுக்கும் போயிடும்!"

ரப்ஹா போட்ட கூச்சலில், கெய்ரோவிலிருந்து வந்த இஞ்சினியர் ஷெரீஃப் தூக்கிய காலை அந்தரத்திலேயே நிறுத்தினார். எதிரே மூன்று சிவப்புப் பலகைகள். மூன்றிலும் மண்டை ஓடு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

"கண்ணிவெடியா?"

"பின்ன என்ன, தர்பூசணியா? உலகப் போர்ல ஜெர்மன்காரன் பாதி புதைச்சான், இங்கிலீஷ்காரன் மீதி புதைச்சான். புதைக்கத் தெரிஞ்சவனுங்களுக்கு எடுக்கத் தெரியல."

அத்தனையும் பொய். பலகைகள் அங்கே வந்து நான்கு மணி நேரம்கூட ஆகவில்லை. விடியற்காலையில் அவளே கொண்டுவந்து நட்டவைதான்.

எகிப்தின் அந்தக் கடற்கரையில் யாரிடமும் நிலப் பத்திரம் கிடையாது. விதைத்தவருக்கு நிலம், அவ்வளவுதான். புருஷன் செத்த பிறகும் ரப்ஹா வருஷம் தவறாமல் வாற்கோதுமை விதைத்து நிலத்தைக் காப்பாற்றி வந்தாள். இந்த வருஷம் மழை கைவிரித்துவிட்டது, ஒரு முளைகூட வரவில்லை. மொட்டையாகக் கிடக்கிற நிலத்தை எல்லாம் கடலோர ஹோட்டலுக்கு எழுதிக்கொள்ளத்தான் ஷெரீஃப் கோப்போடு வந்திருந்தார். இது போனால் அவளுக்கு உட்காரக்கூட இடம் இல்லை.

"இந்தக் கரையில எங்க போனாலும் கண்ணிவெடிங்கறீங்க" என்று சலித்துக்கொண்ட ஷெரீஃப், ஜீப் பக்கம் திரும்பினார். "அதுக்குத்தான் ஆளைக் கையோட கூட்டிட்டு வந்தேன். இத்ரீஸ், கொஞ்சம் இறங்கி வாங்க!"

ஜீப்பிலிருந்து இறங்கிய ஆளைப் பார்த்ததும் ரப்ஹா முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

இத்ரீஸ் தடம் பார்ப்பவர். மணலில் ஒரு சுவடு கிடந்தால் போனது யார், எப்போது, எதைச் சுமந்துகொண்டு என்று சொல்லிவிடுவார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவருடைய அத்திக் கன்றுகளைத் தின்றது ரப்ஹாவின் வெள்ளாடுதான் என்று குளம்புத் தடத்தை வைத்தே ஊர் நடுவில் நிரூபித்த மகான். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் சலாம் கிடையாது. ஊரில் எல்லார் ஆடும் எலும்பும் தோலுமாகத் திரிகிற இந்த வருஷத்தில், அவர் ஆடுகள் மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி மினுமினுப்பது அவளுக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

போதாக்குறைக்கு, அந்தப் பலகைகளை அவள் பிடுங்கியதே இத்ரீஸ் வீட்டுக்குப் பின்னால் மேட்டுக்கு அப்பால் இருக்கும் கண்ணிவெடிப் பள்ளத்தின் விளிம்பிலிருந்துதான். அங்கே ஊரில் ஒருத்தரும் கால் வைப்பதில்லை. அவளும் வெளியே ஒரு பாறைமேல் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, ஆட்டுக்கோலால் எட்டி எட்டி இழுத்துத்தான் எடுத்தாள்.

இத்ரீஸ் பலகை அருகே குந்தினார். மணலைத் தொட்டார். பிறகு நிதானமாக ரப்ஹாவின் இடது காலைப் பார்த்தார். அந்தக் காலைச் சற்று இழுத்துத்தான் நடப்பாள். தடத்தை மரக்கிளையால் அழித்திருந்தாள், ஆனால் அவசரத்தில் கிளையை உள்ளேயே போட்டுவிட்டு வந்ததில் கடைசிச் சில அடிகள் அப்படியே கிடந்தன.

"யாராவது உள்ள நடந்திருக்காங்களா?" என்றார் ஷெரீஃப்.

"நடந்திருக்கு."

ரப்ஹா கண்ணை மூடிக்கொண்டாள்.

"நரி" என்றார் இத்ரீஸ். "நொண்டி நரி. பொட்டை."

"நரி நடந்திருக்குன்னா வெடி இல்லைன்னுதானே அர்த்தம்?"

"உள்ள போன தடம் இருக்கு. வெளிய வந்த தடம் இல்ல." இத்ரீஸ் தூரத்தில் கிடந்த கிளையைக் காட்டினார். "வால் மட்டும் அதோ கிடக்கு பாருங்க."

ஷெரீஃபுக்குக் கண்ணாடி போட்டும் தூரப் பார்வை சரியில்லை என்பது நல்லதாகப் போயிற்று. கோப்பைத் திறந்து ரப்ஹாவின் நிலம் இருந்த வரியைக் குறுக்கே அடித்தார். ரப்ஹா நீட்டிய தேநீரைக்கூடத் தொடாமல், தான் வந்த காலடித் தடத்திலேயே ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்து ஜீப்புக்குப் போய்ச் சேர்ந்தார். அது காண வேண்டிய காட்சி.

ரப்ஹாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணே..." என்றாள், பதினோரு வருஷத்துக்குப் பிறகு முதல் முறையாக. "என்னைக் காட்டிக் குடுக்கலையே. உங்களை எத்தனை நாள் திட்டியிருப்பேன்! இவ்வளவு பெரிய மனசா உங்களுக்கு?"

இத்ரீஸ் ஜீப்பை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மனசாவது மண்ணாங்கட்டியாவது! சாயங்காலத்துக்குள்ள மூணு பலகையையும் எடுத்த இடத்துலயே கொண்டுபோய் நட்டுடு. நாளைக்குக் காலையில அந்தப் பக்கம் அளக்க வர்றாங்க."

"ஐயோ, மறுபடியும் அந்தப் பள்ளத்துக்கா? உயிரைக் கையில புடிச்சுக்கிட்டுல்ல பிடுங்கினேன்! அங்க நிஜ வெடி இருக்கே அண்ணே!"

இத்ரீஸ் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பின்ன என் ஆடெல்லாம் எங்க மேஞ்சு கொழுத்துச்சுன்னு நினைச்சே?"