வட்டத்துக்குள் ஒரு முகம்

மறைமலைநகருக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில், பக்கத்து சீட்டிலிருந்த ஜெரோமிடம் பத்ரி தன் செல்போனை நீட்டினான்.

"இந்த க்ரைம் சேனலப் பாரு. போன மாசம் திருக்கழுக்குன்றத்துல மூணு பேர வெட்டினான்ல, அவனோட அஞ்சாங்கிளாஸ் போட்டோவப் போட்டிருக்காங்க."

வகுப்புப் படம். நாற்பது பையன்களுக்கு நடுவே ஒரு முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

"எல்லாரும் சிரிக்கறாங்க, இவன் மட்டும் முறைக்கறான் பாரு. ஒரு கைய வேற முதுகுக்குப் பின்னாடி மறைச்சிகினு நிக்கறான். இவனுங்களுக்கெல்லாம் பத்து வயசுலயே தெரிஞ்சிடும். கண்ணுல ஈரமே இல்ல. இதையே எழுதி நம்ம பஸ் வாட்ஸாப் குரூப்லயும் போட்டுட்டேன்."

ஜெரோம் போனை வாங்கிப் படத்தை விரலால் பெரிதாக்கினான்.

"அந்தக் கையில இன்னா வெச்சிக்கீறான்னு நெனைக்கற?"

"கல்லோ, பிளேடோ."

"டவுசர்," என்றான் ஜெரோம். "அண்ணனோட பழைய டவுசர். பட்டன் கெடையாது, இடுப்புல நிக்காது. பின்னால புடிச்சிகினு நிக்கறான். சிரிச்சா கழண்டுடும்னு பயம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நானும் அந்தக் கிளாஸ்தான். வெட்டினவன், பக்கத்துல பல்லக் காட்டிகினு நிக்கறான் பாரு, அவன். வட்டத்தத் தப்பா போட்டுக்கீறாங்க."

போனைத் திருப்பிக் கொடுத்தான்.

"இது நான்."

ஜெரோமின் பக்கம் திரும்பாமலே பத்ரி அவசரமாகக் குரூப்பைத் திறந்தான். அழிப்பதற்கு விரல் வைத்தபோது பின் சீட்டிலிருந்து குரல் வந்தது.

"கரெக்டா சொன்ன பத்ரி. மூஞ்சிலயே எழுதி ஒட்டிக்கீது மச்சான்."