மாடியில் நிற்பவர்கள்

வீடுகள் சூழ்ந்த கோல்ஃப் மைதானத்தில் ஆட்காட்டிக் குருவி ஒன்று நான்கு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. வருமானம் போதாவிட்டால் அங்கே அடுக்குமாடி கட்டிவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது. பயந்துபோன குருவி, காகத்தைக் கணக்குப் பார்க்கச் சொன்னது.

காகம் ஒரு நாள் முழுக்க விளக்குக் கம்பத்தில் உட்கார்ந்து எண்ணியது. "நாற்பது பேர் ஆடினார்கள். ஆளுக்கு ஆயிரம் என்றால் நாற்பதாயிரம். கவலையை விடு!"

குருவிக்கு உயிர் வந்தது. புதரிலிருந்து கீரி தலையை நீட்டியது. "அதில் முப்பது பேர் இங்கேயே குடியிருப்பவர்கள். அவர்களுக்குக் கட்டணமே இல்லையே."

காகத்தின் குரல் இறங்கிவிட்டது. "அப்படியென்றால் பத்தாயிரம்தான். தண்ணீர் விடவே போதாது."

"மாடியில் நின்று பார்க்கிறவர்களை எண்ணினாயா?" என்றது குருவி. "இந்தப் பச்சையைப் பார்த்துத்தானே வீடு வாங்கினார்கள்?"

"பார்ப்பதற்கு யார் காசு வாங்குகிறார்கள்?" என்றது காகம்.

மறுநாள் காலை, மைதானத்தால் என்ன பயன் என்று கணக்கெடுக்க ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து, வீடுகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். ஆட வந்தவர்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தார்.

குருவி முட்டைகளை விட்டு எழுந்தது. அவர் தலைக்கு மேலே கத்திக்கொண்டே பறந்து, வீடுகள் இருந்த பக்கம் போனது. அவர் திரும்பிப் பார்த்தார். மாடிக்கு மாடி காபி டம்ளரோடு ஆட்கள் நின்றிருந்தார்கள்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தவர், நோட்டில் புதிதாக ஒரு கோடு கிழித்து அவர்களையும் எண்ணத் தொடங்கினார்.