இருபதாவது குரல்

காலையில் எத்தனை பிள்ளைகள் வருகைப் பதிவுக் கருவியிடம் "உள்ளேன்" சொல்கிறார்களோ, அத்தனை பேருக்குத்தான் அரசின் அன்றைய நிதி பள்ளிக்கு வரும். இருபதுக்கு ஒன்று குறைந்தாலும் பள்ளியை மூடிவிடுவார்கள். பென்னாகரத்தில் செந்தூரனின் பள்ளியில் பத்தொன்பது பேர்தான். அதனால் மகள் நறுமுகையைத் தன்னோடு அழைத்துப் போய் அங்கேயே சேர்த்திருந்தான். அரூரில் ஆசிரியையாக இருந்த அவன் மனைவி மரகதவல்லி, அவன் மேசைமேல் வைக்கும் கைபேசி வழியே தினமும் மகளின் அந்த ஒரு குரலுக்காகக் காத்திருப்பாள்.

இன்று நறுமுகை, "உள்ளேன் அம்மா" என்றாள்.

"சார் அம்மாவாயிட்டாரு!" என்று வகுப்பே சிரித்தது. கருவி ஏற்கவில்லை; ஆசிரியர் ஆண் என்பதால் "உள்ளேன் ஐயா" என்றால்தான் அது கணக்கில் எடுக்கும்.

"ஐயான்னு சொல்லு பாப்பா," என்று செந்தூரன் கெஞ்சினான். அவள் மேசைமேல் இருந்த கைபேசியையே பார்த்தாள். "மரகதம், நீயாச்சும் சொல்லேன்," என்றான் கைபேசியிடம்.

மரகதவல்லி பேசாமல் இருந்தாலே போதும், அந்தப் பள்ளி மூடப்பட்டு, கணவனும் மகளும் அரூருக்கே வீடு திரும்பிவிடுவார்கள். ஆனால் மற்றப் பிள்ளைகள் எங்கே போவார்கள்?

"ஐயான்னே சொல்லிடு கண்ணு," என்றாள் மகளிடம்.

"உள்ளேன் ஐயா."

மரகதவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் வகுப்புக்குப் போய்ப் பெயர் வாசித்தாள். முப்பத்திரண்டு பிள்ளைகளும், ஒவ்வொருவராக, "உள்ளேன் அம்மா" என்றார்கள்.