பத்தொன்பது நட்சத்திரக் குறிகள்

ஏழாவது நட்சத்திரக் குறியை அழித்த பிறகுதான் தேவகிக்குச் சந்தேகம் வந்தது.

ஆரணி நெசவாளர் சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் வந்து பத்து நாள்தான் ஆகிறது. பழைய பதிவேட்டைப் பார்த்து, நானூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்களின் பெயர்களை வேலூரில் யாரோ ஃபிளாப்பியில் அடித்துக் கொடுத்திருந்தார்கள். அப்படியே ஏற்றினால் கம்ப்யூட்டர் வாங்க மறுத்தது. பெயரில் எழுத்தும் புள்ளியும் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாதாம்.

கோடு, அடைப்புக்குறி, கேள்விக்குறி எல்லாவற்றையும் காலையிலேயே துடைத்துவிட்டாள். அவை கை தவறி விழுந்தவை.

நட்சத்திரம் அப்படி இல்லை. சில பெயர்களின் வாலில் மட்டும், ஒழுங்காக, ஒன்றே ஒன்று.

எண்ணினாள். அழித்ததையும் சேர்த்துப் பத்தொன்பது.

இறந்துபோனவர்களோ? இருக்காது. அதில் ஒருவரான சேவூர் சின்னக்கண்ணுவை நேற்றுதான் டவுன் பஸ்ஸில் பார்த்தாள்.

பதிவேட்டைப் பதினைந்து வருடமாக எழுதி வந்தவர், நெசவாளர்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் ஸ்டோர் பன்னீர்செல்வம். அவரிடமே போய்க் கேட்டாள். அவர் வாசற்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கண்ணு மங்கிப் போனவங்கம்மா. பொடிப் பூ போட்ட சேலை நெய்யக் குடுத்தா தடுமாறிப் பூடுவாங்க. சாதா சேலையா பாத்துக் குடுத்துகினு வரேன். வெளிய தெரிஞ்சா, தறியே வேணாம்னு ஒதுக்கிடுவாங்க."

அடுத்த மாதம் அவர் ஓய்வு பெறுகிறார். புதிதாக வருபவரிடம் குறியின் அர்த்தத்தைக் காதோடு சொல்லிவிட்டுப் போகலாம்; ஆனால் அவர் கைக்கு வரும் கம்ப்யூட்டர் பட்டியலில் குறியே இருக்காது.

தேவகி நாற்காலிக்குத் திரும்பினாள். நட்சத்திரங்களை ஒன்றுவிடாமல் எடுத்தாள். ஒவ்வொன்றும் இருந்த இடத்தில், பெயரின் கடைசியில், ஒரு புள்ளி வைத்தாள்.

கம்ப்யூட்டர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது.

அச்சான தாளைப் பன்னீர்செல்வம் விரல் வைத்து எண்ணிக்கொண்டே வந்தார். கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது.

"இருபது வருதேம்மா?"

"சரியாத்தாங்க இருக்குது."

அவர் விரலை எடுக்கவில்லை. அது வேடியப்பன் என்ற பெயருக்குப் பின்னால் நின்றது.

மூன்று மாதமாக, கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டதாகச் சொல்லி, தினமும் பேப்பரை மகளையே வாசிக்கச் சொல்கிறார் தேவகியின் அப்பா.