கையுறைக்குள் ஒரு துண்டு

கடவுள் ஏழாம் நாள் ஓய்வெடுத்தது, அவனுடைய வலது கையைச் செய்து முடித்த அலுப்பில்தான்.

இதை அவன் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், ஜார்ஜியா வெயிலில் வெந்துகொண்டிருந்த பேருந்துக்குள், ஒரு காலில் காலுறையும் மறு காலில் ஒன்றுமில்லாமலும் நின்றுகொண்டு, வேதபாடம் நடத்துகிற முகத்தோடு சொன்னான்.

யாரும் மறுக்கவில்லை. கறுப்பர்கள் தங்களுக்குள் ஆடிவந்த பேஸ்பாலில், அவன் எறிந்த பந்தை மட்டைக்காரர்கள் பார்ப்பதில்லை. சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு நடையைக் கட்டுவார்கள்.

வெள்ளையர் அணிகளில் அந்தக் கைக்கு இடமில்லை. இந்த மைதானத்தில் உடை மாற்றும் அறையிலும் இடமில்லை. அதனால்தான் பேருந்து.

ஆனால் சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. மெக்சிகோவிலிருந்து. குளிர்காலம் முழுக்க அங்கே வந்து எறியச் சொல்லி. அங்கே எந்த ஓட்டலுக்குள்ளும் முன்வாசல் வழியாகவே போகலாமாம். கை மட்டும் முழுசாக வந்து சேர்ந்தால் போதும்.

பக்கத்து இருக்கையில் அமோஸ் தன் வேலையைத் தொடங்கியிருந்தான்.

அமோஸ் கேட்சர். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, நம்மாள் எறிவதையெல்லாம் பிடிக்கிறவன். பதினோரு வருடமாக.

செய்தித்தாள் பொட்டலத்தைப் பிரித்தான். பச்சை மாட்டுக்கறியில் ஒரு துண்டை எடுத்து, இடது கைக்கான கையுறைக்குள், உள்ளங்கை வருகிற இடத்தில், அடி தாங்கும் மெத்தைபோல், பக்குவமாகச் செருகினான்.

"கேட்சரா நீ, சமையல்காரனா? எங்கம்மா ஒம்பது பெத்தா. ஒரு பிரசவத்துக்குக்கூட கறித்துண்டு கேட்டதில்ல."

பேருந்தே சிரித்தது. அமோஸ் நிமிரவில்லை.

"உன் பந்துக்கு நான் குடுக்கிற மரியாதைடா இது."

முதல் ஆட்டத்தில் ஜெயித்தார்கள். ஆனால் கடைசிப் பந்து மட்டையில் உரசி, திசை மாறி, அமோஸின் வெறும் வலது கையில் மோதியது. நடுவிரல் போகக் கூடாத பக்கம் போய்விட்டது.

அன்றே இரண்டாவது ஆட்டமும் உண்டு. அணியில் மொத்தம் பன்னிரண்டு பேர். கேட்சர் ஒருவன்.

கூட்டம் கலையவில்லை. பாதிரியார் பிரசங்கத்தைச் சுருக்கி அனுப்பிவைத்த கூட்டம். பூ வைத்த தொப்பிகள், கஞ்சி போட்ட சட்டைகள். முப்பது மைல் லாரியில் நின்றுகொண்டே வந்தவர்களும் இருந்தார்கள்.

மேனேஜர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லோருக்கும் அந்த நேரம் பூட்ஸ் கயிற்றில் ஏதோ வேலை வந்துவிட்டது.

அமோஸ் உடைந்த விரலை அடுத்த விரலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு எழுந்தான். முகம் வெளிறி, மறுபடி உட்கார்ந்தான்.

"குடு அந்தக் கையுறைய," என்றான் நம்மாள்.

மேனேஜர் அவனுடைய சட்டைப் பையைப் பார்த்தார். "உன் கைக்கு ஏதாவது ஆச்சுன்னா..."

"எறியப் போறது ஹோரஸ்தானே? பஸ் ஓட்டுற மாதிரியே மெதுவாத்தான் பந்தும் போடுவான். வந்து சேர்றதுக்குள்ள நான் ஒரு தூக்கம் போட்டுருவேன்."

கையுறையை வாங்கினான். உள்ளே இருந்த கறியைச் செத்த எலியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்கி, பெஞ்சில் கிடந்த செய்தித்தாளின் மேல் போட்டான்.

"வலது கைய முதுகுக்குப் பின்னால வெச்சுக்க," என்றான் அமோஸ்.

"எனக்கேவா?"

முகக்கம்பியை மாட்டிக்கொண்டு போய்க் குந்தினான்.

ஹோரஸின் முதல் பந்து வந்தது.

தூக்கம் வரவில்லை.

உள்ளங்கையில் யாரோ நெருப்புத் துண்டை வைத்து அழுத்தியதுபோல் இருந்தது. அடுத்ததும் அதே இடத்தில். அதற்கடுத்ததும். ஹோரஸ் குறி தவறாதவன்.

இது மெதுவான பந்து.

பதினோரு வருடத்தை அவன் மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தான். பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"எறியிறவனப் புடிக்க உக்கார வெச்சிருக்கானுங்க! கர்த்தர்தான் காப்பாத்தணும்!" என்று பூத்தொப்பி ஒன்று கத்தியது.

வலது கை தானாக முன்னால் வந்தது, இடது கைக்கு ஆறுதல் சொல்ல வருவதுபோல.

"கை!"

பெஞ்சிலிருந்து அமோஸ் போட்ட கூச்சல் மைதானத்தைத் தாண்டிப் போயிருக்கும். கை முதுகுக்குப் பின்னால் ஓடியது. மட்டையில் உரசிய பந்து, ஒரு கணம் முன்பு கை இருந்த இடத்தைக் கிழித்துக்கொண்டு வந்து, முகக்கம்பியில் மோதி விழுந்தது.

அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தான். ஐந்தும் இருந்தன. ஐந்தும் மடங்கின.

பெஞ்சில் அமோஸ், கத்தியது தானல்ல என்பதுபோல் உட்கார்ந்திருந்தான். மடியில் அந்தக் கை. கட்டுப்போட்ட இரண்டு விரல்கள் போக, மற்றவை இஞ்சிக் கிழங்கு மாதிரி ஆளுக்கொரு திசை பார்த்தன. பதினோரு வருடத்தில் அவன் அவற்றைச் சரியாகப் பார்த்தது இன்றுதான்.

யார் எறிந்த பந்து என்று கேட்க வேண்டியதில்லை.

இன்னிங்ஸ் முடிந்தது. வந்து அமோஸின் பக்கத்தில் உட்கார்ந்தான். கையுறை சுலபத்தில் கழலவில்லை. உள்ளங்கை ஆப்பம்போல் உப்பியிருந்தது.

 



செய்தித்தாளை மெல்லத் தன் பக்கம் இழுத்தான். கறியின்மேல் ஓர் ஈ குடியேறியிருந்தது. மரியாதையாகவே விரட்டினான். ஒட்டியிருந்த தூசியைக் கால்சட்டையில் துடைத்தான். கையுறைக்குள் விரலை விட்டு, இடம் பார்த்துச் செருகத் தொடங்கினான்.

அமோஸ் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு, வெயில் கண்ணில் அடிக்கிறவன்போல, கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். அகலமான முதுகு. அதற்கு இந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று பெஞ்சில் மற்ற யாருக்கும் தெரியவில்லை.