எட்டுக்கால் குடித்தனம்

கழுவி வந்த படங்களை மேஜைமேல் பரப்பிய ஸ்டூடியோக்காரன் டில்லிபாபு வாயைப் பிளந்தான்.

"இன்னா சார் இது! சிலந்தி கால்ல முடிகூடத் தெரியுது!"

வெங்கடரமணனுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "ஒரு ரோல், இருபது நாள். இதோ, வலை பின்றது. இது முட்டைப் பை. கடைசியில பாரு, குஞ்சுகள்!"

"இந்தப் படம் எப்போ எடுத்தது?"

"தீபாவளியன்னிக்குக் காலம்பற."

"தீபாவளியன்னிக்கா? எங்க வூட்டுல அன்னிக்கு நிக்க எடமில்ல சார். இதும்மேல ஒரு கைகூடப் படலியா?"

"நானே கொல்லை வழியாத்தான் போயிண்டு வந்துண்டு இருந்தேன். வலை அறுந்துடப்படாதே!"

"உன் பொறுமை யாருக்கும் வராது. இத்தப் பெருசாப் போட்டுப் போட்டிக்கு அனுப்பு சார், பிரைஸ் நிச்சயம்." டில்லிபாபு ஒரு படத்தை வெளிச்சத்தில் பிடித்தான். "ஆனா எல்லாப் படத்துலயும் வலைக்குப் பின்னால வெள்ளையா, ரவுண்டா, மங்கலா ஒண்ணு கீதே, அது இன்னா?"

வெங்கடரமணன் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து உறைக்குள் போட்டார். கடைசிப் படத்தையும் போட்டுவிட்டுத்தான் சொன்னார்.

"எங்காத்து வாசல் காலிங் பெல்லுப்பா."