இரண்டு சீட்டுத் தீப்பெட்டி

"நீ வாங்கினது ஸ்போர்ட்ஸ் காரில்லடா, ரெண்டு சீட்டுத் தீப்பெட்டி! என் ஜீப்பைப் பாரு, அல்மாட்டிப் பனியிலயும் ஒரே சாவியில கிளம்பும்," என்றான் குவானிஷ், தேநீரை உறிஞ்சியபடி.

"பொறாமையில பேசாதே. ஒரு வாரமா ஓட்டறேன், ஒரு தடவையாவது மக்கர் பண்ணிச்சா?" என்றான் தௌலத்.

"அதோ, பண்ணுது பாரு!"

ஜன்னலுக்குக் கீழே, சிவப்புக் காருக்குள்ளிருந்து புகை கசிந்தது.

தீயணைக்கும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடியவன் குவானிஷ்தான். "ஐயோ, தங்கமான வண்டியாச்சே!" என்று அலறியபடி கதவைத் திறந்தான்.

உள்ளே தௌலத்தின் மனைவி ஜானெல், அத்ரஸ்பன் தழை புகையும் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"அடிப்பாவி, திருஷ்டிப் புகையா!" தௌலத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பின்னே? நேத்து குவானிஷ் அண்ணன் இந்த வண்டியைச் சுத்திச் சுத்தி வந்து பார்த்த பார்வைக்கு, இந்த ஒரு கிண்ணம் பத்துமான்னே தெரியல!"